இரவு, வழி, தொட்டில்: தமிழக ஆலைகளில் பெண்களின் வருகையும் வெளியேற்றமும்

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2019-20ஆம் ஆண்டுக்கான தொழிற்சாலைகள் கணக்கெடுப்பு தந்த எண் இது. அரசு அறிக்கைகளும் முதலீட்டாளர் மாநாடுகளும் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கின்றன. பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் அந்தப் பெண்கள் எந்த வயதினர், எத்தனை ஆண்டு அந்த வேலையில் நீடிக்கிறார்கள், கல்யாணம் ஆனபின் எங்கே போகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினால் சித்திரம் மாறிவிடுகிறது. நூற்பாலை விடுதிகளிலும் மின்னணுத் தொழிற்சாலைகளிலும் ஆள் எடுப்பது பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரையிலான, மணமாகாத பெண்களைத்தான். இந்த வயதுக் கோடு இயற்கையாக விழுந்ததன்று. நூறு ஆண்டுக்கு முன் கோவை ஆலைகளில் பிள்ளை பெற்றவர்களும் நடுவயதுக்காரிகளும் வேலை செய்தார்கள்.

பெண்கள் வேலைக்கு வராததற்குக் குடும்பத்தின் மனப்போக்கு, ஊர்ப் பேச்சு, சாதி வழக்கம் ஆகியவற்றையே காரணமாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். அவற்றின் பலத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆலைகளின் நூற்றிருபது ஆண்டுக்கும் மேலான வரலாற்றைத் தொடர்ந்து படிக்கும்போது, அவற்றைவிட அழுத்தமாக முடிவு செய்தவை மூன்று கேள்விகள் என்று தெரிகிறது. இரவில் பெண் வேலை செய்யலாமா? வேலையிடத்துக்கு எப்படிப் போய் வருவது? பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? சட்டமும் முதலாளியும் தொழிற்சங்கமும் அரசும் இவற்றுக்குச் சொன்ன விடைகள் காலந்தோறும் மாறின. அந்த மாற்றங்களோடு சேர்ந்தே பெண்கள் ஆலைக்குள் வந்தார்கள், வெளியேறினார்கள், வேறு வயதில் வேறு நிபந்தனையில் மறுபடி வந்தார்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் தமிழகம் ஏதோ ஒரு விடை கண்டிருக்கிறது. மூன்றாவதை இன்னும் பெண்ணின் தலையிலேயே விட்டுவைத்திருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இரவுக்கு வந்த தடை

1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் முதன்மையாகக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றியே பேசியது. 1891ஆம் ஆண்டுச் சட்டம்தான் பெண்களை முதன்முதலாகத் தனியே எடுத்துக்கொண்டது. நாளுக்குப் பதினோரு மணி நேரம், அதற்கு இடையில் ஒன்றரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. இரவு எட்டு மணி முதல் காலை ஐந்து வரை அவர்களை வேலைக்கு வைப்பதற்கும், சில விலக்குகளுடன், தடை விதித்தது. இந்திய ஆலைகளின் மலிவான உழைப்பைக் கண்டு கலங்கிய இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலை முதலாளிகளின் நெருக்குதலும் இச்சட்டத்தின் பின்னால் இருந்தது. தொழிலாளர் நலனில் உண்மையாகவே அக்கறை கொண்டவர்களின் குரலும் இருந்தது. 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு பெண்களின் இரவு வேலைக்கு எதிராக உடன்படிக்கை செய்தபோது இந்தியா 1921இல் அதை ஏற்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு காலை ஆறு முதல் மாலை ஏழு வரை மட்டுமே பெண்ணுக்கு வேலை என்று முடிவாகச் சொன்னது. மாநில அரசு நேரத்தைச் சற்றுத் தளர்த்த முடிந்தது. ஆனாலும் இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை எந்தத் தளர்வுக்கும் இடமிருக்கவில்லை.

பதினான்கு, பதினைந்து மணி நேரம் மனிதரைப் பிழிந்த ஆலைகளில் இது பெரிய பாதுகாப்புதான். ஆனால் ஆலையின் வேலைமுறை மாறிய பிறகு அதே பாதுகாப்பு பெண்ணின் வேலையைப் பறிக்கும் கருவியாகவும் ஆயிற்று. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கோயம்புத்தூர்.

அந்நகரின் முதல் பஞ்சாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் தொடங்கினார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஆலைகள் மெதுவாகத்தான் பெருகின. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. கறுப்பு மண்ணில் விளைந்த பருத்தி பக்கத்திலேயே கிடைத்தது. நிலக்கரி தேவையில்லாத விலைமலிந்த மின்சாரம் கிடைத்தது. கிணற்றுப் பாசனத்தில் காசு சேர்த்த விவசாயக் குடும்பங்களின் முதலீடும் சேர்ந்துகொண்டது. சில ஆண்டுகளுக்குள் சிங்காநல்லூர், பீளமேடு வட்டாரத்தில் புகைபோக்கியில்லாத ஆலைகள் வரிசையாக எழுந்தன. மின்விளக்கு வந்ததால் ஆலையை இரவிலும் ஓட்டலாம் என்றாயிற்று. பகல் ஷிஃப்ட், அரை நைட், முழு நைட் என்று வாரம் மாற்றி வாரம் தொழிலாளர் சுழலும் முறை வேரூன்றியது. அந்தச் சுழற்சியில் சேர முடியாதவர் பெண் ஒருவர்தான். மூன்று ஷிஃப்டுக்கும் அனுப்பக்கூடிய ஆண் ஒருவனை எடுப்பது முதலாளிக்கு எளிதாயிற்று. பெண்களை வேண்டாம் என்று எந்த ஆலையும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. காலியாகும் இடங்களில் மட்டும் ஆண்கள் வந்து நிறைந்தார்கள்.

சிட்டம் சுற்றியவர்கள்

பெண்கள் அதிகம் இருந்தது ரீலிங், வைண்டிங், கழிவுப் பஞ்சு பிரிக்கும் பகுதிகளில். ரீலிங் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு தலைமுறைப் பெண்களின் கதி அந்த எந்திரத்தில் மாட்டியிருந்தது. ஸ்பின்னிங்கிலிருந்து வரும் பாபின்களை வரிசையாக மாட்டி, ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள சட்டத்தில் நூலைச் சுற்றுவார்கள். எண்பது சுற்றுக்கு 120 கெஜம். அப்படி ஏழு சேர்ந்தால் 840 கெஜம். அதுதான் ஒரு சிட்டம். அறுந்த இழையைக் கண் தவறாமல் பிடித்து முடிச்சிட வேண்டும். சிக்கல் இல்லாமல் கழற்றிக் கட்டாகக் கட்ட வேண்டும். கூலி எத்தனை சிட்டம் என்ற கணக்கில்தான், மாதச் சம்பளமாக அன்று. பாபின் வருவது தாமதமானால் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் காசில்லை. இந்த வேலை ஷிஃப்டுச் சுழற்சிக்கு வெளியே பகலிலேயே முடிந்துவிடும். அதனால்தான் இரவுத் தடையையும் மீறிப் பெண்கள் ஆலைக்குள் நீடிக்க முடிந்தது.

சிட்டமாகச் சுற்றிய நூல் போய்ச் சேர்ந்தது கைத்தறி நெசவாளரிடம். விசைத்தறியும் பின்னலாடையும் பெருகியபோது சந்தை கேட்டது கோன் நூலை. கைத்தறிக்காகக் குறிப்பிட்ட அளவு சிட்டநூல் தந்தாக வேண்டும் என்று அரசு விதி வைத்திருந்தும் ரீலிங் பகுதிகள் சுருங்கின. கோன் வைண்டிங்கை வேகமான எந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. 1950களிலும் அறுபதுகளிலும் 'சீரமைப்பு' என்ற பெயரில் நடந்த ஆட்குறைப்பு முதலில் தொட்டது இந்தப் பகுதிகளை. புதிய தொழில்நுட்பம் வரும்போதெல்லாம் அதைக் கையாளும் வாய்ப்பு ஆண்களுக்கும், பழைய கைவேலை பெண்களுக்கும் ஒதுக்கப்படுகிறது என்று டென்மார்க்கைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் எஸ்தர் போசரப் 1970இல் எழுதினார். ஆப்பிரிக்க, ஆசிய வேளாண்மையை வைத்து அவர் கட்டிய வாதம் கோவை ஆலைக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

தொழிற்சங்கம் என்ன செய்தது? கோவையின் தொழிற்சங்க வரலாறு பெண்களின் மானத்தோடும் உயிரோடும் பிணைந்தது. ரங்கவிலாஸ் ஆலையில் பெண் தொழிலாளி ஒருவர் மீது நடந்த கொடுமையை எதிர்த்துக் கிளம்பிய மோதலில் ஒருவன் இறந்தான். அந்த வழக்கில் சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். தோழியருக்காக உயிர்கொடுத்த அந்த நால்வரைக் கோவை இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. இவ்வளவு ஈடுபாடு கொண்ட இயக்கமும், வேலைக் கணக்கு என்று வந்தபோது, பெண்ணின் இடத்தைக் காக்கவில்லை. அதற்குக் கோவைத் தலைவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நாடு முழுவதும் தொழிலாளர் இயக்கம் ஏற்றுக்கொண்ட கூலித் தத்துவமே அப்படி.

1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும் முறையை வகுத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒருமனதாக ஏற்ற அந்த முறையில், சம்பாதிப்பவர் ஒருவர். அவரை நம்பிய குடும்பம் மூன்று நுகர்வு அலகுகள். பெண்கள், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஈட்டும் வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அதில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. ஆண் தொழிலாளியின் சம்பளத்தை உயர்த்தியே தீர வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த விதி அது. மனைவியும் சம்பாதிக்கிறாளே என்று சொல்லி முதலாளி கூலியைக் குறைத்துவிடக் கூடாது என்ற அச்சமும் நியாயமானதே. விளைவோ, பெண்ணின் உழைப்பு குடும்பத்துக்கு உதிரி வருமானம் என்ற கருத்துக்கு மாநாட்டின் முத்திரையே கிடைத்துவிட்டது. ஆட்குறைப்புப் பேச்சுவார்த்தைகளில் ரீலிங் பெண்களுக்கு இழப்பீடு வாங்கிக் கொடுத்து அனுப்புவது எல்லாருக்கும் ஒப்பான வழியாகத் தோன்றியது இப்படித்தான்.

மகப்பேற்றுச் சட்டங்களும் இதே இரட்டை முகம் கொண்டவை. பம்பாய் 1929இலும் சென்னை மாகாணம் 1934இலும் பேறுகாலக் கூலிக்குச் சட்டம் செய்தன. 1961இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது. செலவு முழுவதையும் அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்த முதலாளியே ஏற்க வேண்டும். ஆகவே பெண்ணை எடுத்தால் செலவு, ஆணை எடுத்தால் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் எட்டிய இடங்களில் மட்டும் கதை வேறு. அங்கே ஆண், பெண் எல்லாருக்குமாகச் செலுத்தப்படும் சந்தாவிலிருந்து பேறுகால உதவி வருகிறது. இந்த வேறுபாட்டை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வருவேன்.

1974இல் வெளியான 'சமத்துவத்தை நோக்கி' அறிக்கை, இந்தியப் பெண்களின் நிலை குறித்து ஆராய அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை, இந்த வெளியேற்றம் எவ்வளவு பெரிது என்பதை முதன்முறையாக நாட்டுக்குக் காட்டியது. ஆலை, சுரங்கம், சணல் ஆகிய எல்லாத் துறைகளிலும் பெண்களின் பங்கு சரிந்திருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1911இல் உழைப்பாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெண்கள்; 1971இல் ஆறில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிட்டது. இந்தச் சரிவில் ஒரு பகுதி கேள்வித்தாளால் வந்தது. 1971இல் முதன்மையாக என்ன செய்கிறீர்கள் என்று முதலில் கேட்டார்கள். களையெடுத்து, மாடு கறந்து, நூல் சுற்றிய பெண்ணும் வீட்டு வேலை என்றே எழுதப்பட்டாள். ஆனால் ஆலைச் சம்பளப் பட்டியலில் நேர்ந்த சரிவைக் கேள்வித்தாளால் விளக்க முடியாது.

தோட்டங்களில் மட்டும் ஏன் இல்லை?

அதே காலத்தில், அதே மாவட்டத்தின் மேற்கு மலையில், பெண்கள் வெளியேறவில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் அன்றும் பெண்கள், இன்றும் பெண்கள். கல்யாணம் ஆனவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஓய்வுபெறும் வயதை எட்டியவர்கள் எல்லாரும் அவர்களில் உண்டு. இந்த வேறுபாட்டைச் சாதியால் மட்டுமோ குடும்ப வழக்கத்தால் மட்டுமோ விளக்கிவிட முடியாது. தோட்டத்தில் பலர் சமவெளி ஊர்களிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணிகளோடு மலையேறியவர்கள்.

வேறுபாடு ஏற்பாட்டில் இருந்தது. கொழுந்தெடுப்பு பகல் வேலை. இரவுக் கேள்வியே எழவில்லை. லைன் வீட்டிலிருந்து காடு நடக்கும் தூரம். பிள்ளைக்குப் பிள்ளை மடுவம் உண்டு; ஆயா உண்டு; பால் கொடுக்க இடையில் இறங்கிவர நேரமும் உண்டு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. இலங்கையின் மலையகத்தில் 'பிள்ளைக் காம்பரா' என்று அழைக்கப்படுவதும் இதுவே. துரைமார்களின் கருணை என்று யாரும் இதை எண்ண வேண்டாம். மலையில் வேறு ஆள் கிடைக்காது; குடும்பத்தையே தோட்டத்தோடு கட்டிப்போட்டால்தான் அடுத்த தலைமுறைக்கும் கை கிடைக்கும். கூலியோ அடிமட்டம், வீடோ வேலையோடு போய்விடும், அட்டைக்கடியும் குளிரும் வேறு. அந்த வாழ்க்கையைப் போற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்றை அது நிறுவுகிறது: பகல் நேரமும் பக்கத்து வேலையிடமும் தொட்டிலும் கிடைத்த இடத்தில், கல்யாணம் பெண்ணின் வேலையை முடித்துவைக்கவில்லை.

எண்பதுகளின் ஓசையற்ற தயாரிப்பு

ஆலைகள் பெண்களை வெளியே அனுப்பிய அதே பத்தாண்டுகளில், ஆலைக்கு வெளியே வேறு சில காரியங்கள் நடந்தன. 1929ஆம் ஆண்டுச் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989 மார்ச் முதல் செல்லும்படி தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. அதே ஆண்டு அரசு வேலைகளில் 30 விழுக்காடு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் படிப்பை நிபந்தனையாக வைத்ததால், பெண்ணைக் கூடுதலாகச் சில ஆண்டுகள் பள்ளியில் வைத்திருக்கப் பெற்றோருக்கு ஒரு காரணம் கிடைத்தது. 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று கிராமத்துப் பெண்களுக்கு, குறிப்பாகக் கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும், ஊருக்குள்ளேயே வேலையும் தந்தது. 1990களின் தொடக்கத்தில் மாநிலத்தின் கருவள விகிதம் ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் என்ற அளவை ஒட்டி இறங்கிவிட்டது.

படித்த, சிறிய குடும்பத்தில் பிறந்த, இருபது வயதுக்குப் பிறகே மணமாகும் பெண்களின் தலைமுறை ஒன்று இப்படி உருவாயிற்று. பள்ளி முடிப்பதற்கும் கல்யாணத்துக்கும் இடையில் நான்கைந்து ஆண்டுகள் திறந்துகொண்டன. முன்பு அப்படி ஓர் இடைவெளியே கிடையாது. மழை பொய்த்த தென்மாவட்டங்களில் அந்த ஆண்டுகள் நகைக்கும் சீருக்குமான கவலையில் கழிந்தன. தொழில்துறை கண்டுகொண்டது இந்த இடைவெளியைத்தான்.

கேம்ப் கூலி

1990களின் பிற்பகுதியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகள் பழைய நிரந்தரத் தொழிலாளர்களை விட்டு மெல்ல விலகின. சங்கம் அமைத்த, சம்பளம் உயர்ந்த, நடுவயது ஆண்களுக்குப் பதிலாகத் தேனி, விருதுநகர், திருநெல்வேலி, புதுக்கோட்டைக் கிராமங்களிலிருந்து இளம்பெண்களை அழைத்துவந்து, ஆலை வளாகத்திலேயே தங்கவைத்தார்கள். சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று பலபெயர். மூன்று ஆண்டு வேலை; அன்றாடக் கூலியில் ஒரு பகுதி பிடித்துவைக்கப்படும்; முடிவில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும். கிராமத்துக்கு வரும் ஏஜென்ட் ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குவார். பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட தலித், பிற பின்தங்கிய சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற குடும்பங்களே இதற்கு இசைந்தன.

கேம்ப் என்று அழைக்கப்பட்ட இந்த வளாக விடுதியில் நாள் எப்படிக் கழிந்தது என்பதற்குப் பல விசாரணை அறிக்கைகள் சான்று. நூல் அறுந்துவிடாமலிருக்க ஈரப்பதம் ஏற்றிய, புழுக்கம் நிறைந்த கூடம். மூக்கிலும் தொண்டையிலும் படியும் பஞ்சுத் தூசி. ஸ்பின்னிங் சைடுகளுக்கிடையே ஷிஃப்ட் முழுக்க நடந்தபடி அறுந்த இழைகளை ஒட்டும் வேலை. ஆள் குறைந்தால் இரண்டாவது ஷிஃப்டுக்கும் எழுப்பிவிடுவார்கள். வெளியே போக வார்டன் அனுமதி வேண்டும். கைபேசிக்கு நேரக் கட்டுப்பாடு. மூன்றாம் ஆண்டு முடியுமுன் நோய் வந்து ஊருக்குத் திரும்பியவர்கள் பிடித்தம் செய்த பணத்தை இழந்ததும் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்கு இடையே 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. 66ஆம் பிரிவின் இரவு வேலைத் தடை அரசியலமைப்பு தரும் சமத்துவத்துக்கு முரணானது என்று அதைச் செல்லாததாக்கியது; பாலியல் தொந்தரவிலிருந்து பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. கொள்கை அளவில் மறுக்க முடியாத தீர்ப்பு. மருத்துவமனையில் செவிலியர் இரவெல்லாம் வேலை பார்க்கும்போது ஆலைப் பெண்ணுக்கு மட்டும் ஏன் தடை? ஆனால் அந்தத் தீர்ப்பால் முதலில் ஆதாயம் பெற்றது கேம்ப் முறைதான். வளாகத்துக்குள்ளேயே உறங்கும் பெண்ணை முழு நைட்டுக்கு அனுப்பப் பேருந்து வேண்டாம், காவல் வேண்டாம். இரவுக் கேள்வியும் வழிக் கேள்வியும் ஒரே மதில்சுவருக்குள் தீர்ந்தன. பெண்ணின் நடமாட்டமும் அதே சுவருக்குள் அடைபட்டது.

பன்னாட்டு ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரியில் முடிவுக்கு வந்ததும் ஏற்றுமதி பெருகி, ஆள் தேவையும் கூடியது. எதிர்ப்பும் வளர்ந்தது. விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் மாநிலச் சட்டம் வந்தது. பயிற்சியாளர் என்ற பெயரில் வைக்கப்பட்டவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி ஆணையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. திண்டுக்கல்லில் ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தலித் பெண்கள் தலைமை தாங்கும் ஜவுளித் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. பாலியல் வன்முறையைத் தடுப்பதில் முதலாளியையும் வெளிநாட்டு வணிக நிறுவனத்தையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. தளத்திலேயே கண்காணித்தவர்கள் அந்தத் தொழிலாளிப் பெண்கள். சின்னியம்பாளையத்துக்கு எழுபத்தாறு ஆண்டு கழித்து, பெண்களின் பாதுகாப்பைப் பெண்களே பேசி எழுதி வாங்கிய இந்த ஆவணத்துக்குத் தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் தனியிடம் உண்டு.

பதினெட்டாயிரம் படுக்கைகளும் ஒரு நகரப் பேருந்தும்

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் இதே முறை மின்னணுத் துறைக்கு இடம்பெயர்ந்தது. 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் பல ஆயிரம் இளம்பெண்கள் வேலை செய்தார்கள். 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் தொகுக்கும் ஆலையின் பெண்கள் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்ந்ததையடுத்துச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அவர்கள் தெருவுக்கு வந்தது கூலிக்காக அன்று, உணவுக்கும் உறங்கும் இடத்துக்குமாக. இரவும் வழியும் தொழிலாளர் கேள்விகளே என்பதை அந்த மறியலைவிடத் தெளிவாக எந்த ஆய்வும் சொல்லியிருக்க முடியாது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை மாநில அரசின் சிப்காட் நிறுவனம் ரூ.706.50 கோடியில் கட்டித் திறந்தது. விடுதி கட்டும் பொறுப்பை முதலாளியின் கையிலிருந்து அரசு எடுத்துக்கொண்டது முக்கியமான திருப்பம்.

வழிக் கேள்விக்கு இதைவிட எளிய, இதைவிட விரிந்த விடையும் கிடைத்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஒரு பயணிக்கு மாதம் சராசரியாக ரூ.888 மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. வீட்டு வேலைக்கும் துணிக்கடைக்கும் பூ விற்கவும் போகிறவர்களின் வருமானத்தில் அது சிறிய தொகை அன்று. பக்கத்துத் தெருவில் கிடைத்த குறைந்த கூலியை ஏற்றவர் நாலு நிறுத்தம் தள்ளி நல்ல கூலி தேடிப் போக முடிகிறது. இது விடுதியைப் போல இளம்பெண்ணை மட்டும் பார்க்கவில்லை. மணமானவரும் மூத்தவரும் பயன்பெறுகிறார்கள். பெண்களின் வேலைக்காக இம்மாநிலம் செய்தவற்றில் சத்துணவுக்குப் பிறகு மிகச் சிறந்தது இதுவே என்பது என் கணிப்பு.

தீராத மூன்றாவது கேள்வி

திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடி எனும் உதவியாளாகச் சேர்ந்து, செக்கிங் கற்று, பவர் டேபிள் எனும் தையல் எந்திரத்தில் உட்காரும் தேர்ச்சி பெற ஒரு பெண்ணுக்குச் சில ஆண்டுகள் ஆகும். அந்தத் தேர்ச்சி கைகூடும் வேளையில் கல்யாணம், பிறகு பிள்ளை. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் 'ஒன்றரை ஷிஃப்டு'க்குக் கைக்குழந்தைக்காரி வர முடியாது. வீட்டிலிருந்தபடி பிசிர் வெட்டும் வேலைக்கு இறங்குகிறாள். பீஸ் கணக்குக் கூலி, காப்பீடு இல்லை, சேமநல நிதி இல்லை. கற்ற தொழில் கையில் இருந்தும் கூலி அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. தேசியக் காலப் பயன்பாட்டு ஆய்வு 2019இல் கண்டது இதுதான்: வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் ஏதாவது செய்கிற ஆண்கள் நாலில் ஒருவர்தான்.

நாடு தழுவிய உழைப்புக் கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24இல் 41.7 ஆக உயர்ந்திருக்கிறது. இந்த உயர்வில் பெரும்பகுதி கிராமத்துச் சுயதொழிலும் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுவதுமாகும். ஆலையின் கதவு தாய்மாருக்குத் திறந்ததால் வந்த உயர்வு அன்று. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டின் வேலைநாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையவையாக இருந்தன. ஆணுக்குச் சமமான கூலி, வீட்டுக்குப் பக்கத்தில், பகலில். தாய்மாரோடு ஐந்து சிறு குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்த வேண்டும் என்று சட்டமே சொன்னது. தோட்டத்தில் கண்ட அதே மூன்று நிபந்தனைகள் இங்கும் கூடி வந்ததும், நடுவயதுப் பெண்களும் பாட்டிமாரும் திரண்டு வந்தார்கள். வேலை செய்ய மனமில்லை என்று இவர்களைப் பற்றி இனி யாரும் எழுத முடியாது.

ஆலைச் சட்டத்திலும் தொட்டில் இருந்தது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. பெண்களின் எண்ணிக்கையோடு கடமையைக் கட்டியதால், பெண்களைக் குறைவாக எடுப்பவர் தப்பித்துக்கொள்ள முடிந்தது. 2017ஆம் ஆண்டு மகப்பேற்றுச் சட்டத் திருத்தம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. ஆணோ பெண்ணோ ஐம்பது பேர் இருந்தால் காப்பகம் கட்டாயம் என்றது. ஆனால் அதே திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியபோது, காப்பீட்டுக்கு வெளியே இருக்கும் நிறுவனங்களில் செலவு முழுவதையும் பழையபடி முதலாளியின் கணக்கிலேயே வைத்தது. மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி பற்றி 2024இல் செய்தி வெளியாகி ஒன்றிய அரசு விளக்கம் கேட்க நேர்ந்தது. வேலைக்கு எடுப்பதில் பெண்ணென்று பாகுபாடு காட்டுவதை 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் தடை செய்திருந்தும் நிலைமை இதுதான்.

பேறுகாலச் செலவைக் காப்பீட்டு நிதி ஏற்ற இடங்களில் பெண்ணை எடுப்பதால் முதலாளிக்குக் கூடுதல் சுமை இல்லை என்று முன்பு குறிப்பிட்டேன். தொட்டிலுக்கும் அந்த வழியே ஏற்றது. முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்தும் அந்தப் பொது நிதிக்குள் காப்பகச் செலவையும் கொண்டுவர வேண்டும். சிப்காட் வளாகங்கள் சிலவற்றில் காப்பகங்கள் தொடங்கப்பட்டிருப்பது நல்ல செய்தி. ஆனால் அங்கன்வாடி நேரத்தில் திறந்து மாலைக்குள் மூடும் காப்பகம், காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே கம்பெனிப் பேருந்து ஏற வேண்டியவளுக்குப் பயன்படாது. தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கும்போதே காப்பகத்துக்கும் இடம் விட்டு, முதல் ஷிஃப்டுக்கு ஒரு மணி முன்னதாகத் திறந்து கடைசி ஷிஃப்ட் முடியும்வரை நடத்தி, செலவைக் காப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டால், முப்பது வயதுத் தாய் ஒருத்தியை வேலைக்கு எடுப்பதும் இருபது வயதுப் பெண்ணை எடுப்பதும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஒரே தொகையாகத்தான் இருக்கும்.